இடப்பக்கம் திரும்பும் பாராசூட்

பாராசூட்டில் 40 முறை குதித்திருக்கிறேன். தரையிறங்க ஃபிளேர் செய்யும்போதெல்லாம் (இரு கைகளையும் இறக்கி வேகம் குறைக்கும்போது) இடப்பக்கம் திரும்பிப்போய் விழுகிறேன். குறை பாராசூட்டிலா, என்னிடமா?

பெரும்பாலும் உங்கள் இடக்கையில்! தரை நெருங்கியதும், ஊன்றிக்கொள்ளக் கை தானாகவே நீளும். பிரேக் கயிற்றின் பிடியான டாகிளும் அந்தக் கையில்தானே இருக்கிறது? எந்த டாகிள் அதிகம் இறங்குகிறதோ, அந்தப் பக்கம் பாராசூட் திரும்பும். பயத்தில் கை இன்னும் நீளும்.

அடுத்த முறை 3,000 அடிக்கு மேலேயே, அருகில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு டாகிள்களை முழுக்க மேலே விடுங்கள். பிறகு அடிவானத்தைப் பார்த்தபடி ஒரு ஃபிளேர். இரண்டிலும் நேராகப் பறந்தால் பாராசூட்டைச் சந்தேகிக்காதீர்கள். திரும்பினால், கால்பட்டைகள் சமமாக இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் பாராசூட்டைப் பழுதுபார்க்கும் ரிக்கரிடம் கொடுத்துக் கயிறுகளை அளக்கச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரா கயிறுகள் ஸ்லைடர் உரசும் சூட்டில் சுருங்கும். ஒரு பிரேக் கயிறு குட்டையானாலே போதும், அந்தப் பக்கம் இழுக்கும்.

கைதான் காரணமென்றால், காலடியைப் பார்க்காதீர்கள். பார்வை தூரத்தில் இருக்கட்டும். இரு கைகளையும் உடம்புக்கு முன்னால் ஒன்றாக இறக்குங்கள். நடுவில் திரும்பினால் இறங்கிய கையை உயர்த்தவே கூடாது. மறு கையை அந்த மட்டத்துக்கு இறக்குங்கள். நண்பர் யாரையாவது முன்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கை முந்துகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.