மீன் நிற்கும் ஆழம்

மண்டபத்தில் பிறந்த மாணவருக்கு ஒரு வசதி உண்டு. வீட்டிலிருந்து வடக்கே நடந்தால் ஒரு கடல். தெற்கே நடந்தால் இன்னொரு கடல். வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. நம் மீனவர்கள் வடகடல், தென்கடல் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். படகுகள் தென்கடலுக்கு மாறும். தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் தென்கடல் பொங்கும். படகுகள் வடகடலுக்குத் திரும்பிவிடும்.

எந்தக் கடலுக்குப் போவது என்பதைக் காற்று சொல்லிவிடும். ஆனால் தூண்டில்காரருக்கு அதற்கு அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது? மேலேயா, நடுவிலா, அடியிலா? அந்த ஆழத்தில் அது ஏன் நிற்கிறது?

இந்த இரண்டாவது கேள்வி நம் கடலில் ஏற்கெனவே உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். விடையைத் தெளிவாகப் பார்க்க ஆழமான, அலை குறைந்த நீர் வேண்டும். ஆகவே முதலில் ஒரு பெரிய நீர்த்தேக்கத்துக்குப் போவோம்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றோடு கலக்கும் கிரீன் ஆற்றின் குறுக்கே ஃபிளேமிங் கார்ஜ் என்னும் அணை இருக்கிறது. 1964-ல் கட்டி முடிக்கப்பட்டது. அணைக்குப் பின்னால் மலையிடுக்குகளில் தேங்கிய நீர் 140 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மிக ஆழமான இடத்தில் சுமார் 130 மீட்டர். இங்கே தூண்டில்காரர்கள் தேடிப் போகும் மீன்களில் முக்கியமானவை டிரௌட், கொக்கனி.

கொக்கனி ஒரு வேடிக்கையான மீன். சாக்கை சால்மன் என்ற மீன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, மீண்டும் ஆற்றுக்கு வந்து முட்டையிட்டு மடியும் என்று படித்திருப்பீர்கள். அதே இனத்தில், கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே தங்கிவிட்ட கிளைதான் கொக்கனி. கடலை விட்டாலும் குல வழக்கத்தை அது விடவில்லை. பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுகளில் உடல் சிவந்து, முட்டையிட்டு, மடிந்துவிடுகிறது. அதன் உணவோ, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் நீர்த்தெள்ளு போன்ற மிதவை உயிரிகள். இவ்வளவு சிறிய இரையைத் தின்னும் மீன், பளபளக்கும் தகட்டையும் தூண்டிலையும் ஏன் கவ்வுகிறது? பசியால் அல்ல, எரிச்சலால் என்பது தூண்டில்காரர்களின் விளக்கம். மீனைக் கேட்டுத்தான் உறுதி செய்யவேண்டும்!

வசந்த காலத்தில் கொக்கனி மேல்நீரிலேயே கிடைக்கும். கோடை முற்றியதும் மேலே ஒன்றுகூட அகப்படாது. அப்போது படகில் போகிறவர்கள் நான்கைந்து கிலோ எடையுள்ள ஈயக்குண்டு ஒன்றை இரும்புக் கம்பியில் கட்டி இறக்குகிறார்கள். தூண்டில் கயிறு அந்தக் குண்டோடு ஒரு கவ்வியால் இணைந்திருக்கும். எத்தனை மீட்டர் கம்பி இறங்கியது என்று ஓர் எண்காட்டி காட்டும். படகு நடை வேகத்தில் நகரும். மீன் கடித்து இழுத்தவுடன் கயிறு கவ்வியிலிருந்து விடுபட்டுவிடும். ஆழத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? வெப்பமானியை இறக்கிப் பார்த்துத்தான். ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி வரை இருக்கும் நீர் எந்த ஆழத்தில் வருகிறதோ, அங்கே குண்டை நிறுத்துகிறார்கள். 15, 20 மீட்டர் கீழே என்றாலும் சரி.

உங்களில் கிணற்றில் முங்கிக் குளித்தவர்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும். மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஓர் ஆள் ஆழம் போனதும் காலில் சில்லென்று குளிர் தட்டும். குளிர்ந்த நீர் அடர்த்தி மிக்கது. ஆகவே கீழே தங்குகிறது. (நன்னீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் மிக அதிகம் என்பதை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.) வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. காற்று அந்த மேல்நீரை மட்டும் கலக்குகிறது. சூடான இலேசான நீர், கனத்த குளிர்ந்த நீரின் மேல் மூடிபோலப் படிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே சில மீட்டர் தூரத்துக்குள் வெப்பநிலை கிடுகிடுவென்று இறங்கும்.

குளிர்தான் வேண்டுமென்றால் மீன் ஏன் அடிமட்டத்துக்கே போய்விடக் கூடாது? இங்கேதான் மூச்சுப் பிரச்சினை வருகிறது.

அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கவனியுங்கள். கொதிப்பதற்கு வெகு முன்பே சுவரில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். நீரில் கரைந்திருந்த காற்று, சூடு ஏற ஏற நீரை விட்டு வெளியேறுகிறது. நன்னீர் ஒரு லிட்டர், 10 டிகிரியில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 9. 30 டிகிரியில் ஏழரை. உப்பு இருந்தால் இன்னும் குறையும். 30 டிகிரி கடல்நீரில் 6 மில்லிகிராம் சொச்சம்தான். நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு வறுமையான இடத்தில் மீன் மூச்சு விடுகிறது!

இதற்கு மேல் இன்னொரு சங்கடம். மீனுக்கு நம்மைப்போல நிலையான உடல் வெப்பம் கிடையாது. நீர் சூடானால் அதன் உடலும் சூடாகி, உள்ளே வேதிவினைகள் வேகம் பிடித்து, ஆக்சிஜன் தேவை கூடுகிறது. பொதுவாக 10 டிகிரி கூடினால் தேவை இரு மடங்கை நெருங்கும். வரவு குறையும்போதே செலவு ஏறுகிறது. குளிர்நீரில் வாழப் பழகிய டிரௌட், 25 டிகிரியை நெருங்கினால் தாக்குப்பிடிக்க முடியாமல் தவிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி அடிமட்டத்தைப் பாருங்கள். மேலே செத்த பாசியும் மிதவை உயிரிகளும் கீழே விழுந்து அழுகும். அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் அங்குள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கும். மேலே மூடி இருப்பதால் புதிய ஆக்சிஜன் இறங்காது. சத்து மிகுந்த நீர்த்தேக்கங்களில் கோடையின் கடைசியில் அடிநீரில் மூச்சு விடவே வழியிராது. மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சுமுட்டல். நடுவில் மிஞ்சும் ஒரு பட்டையில்தான் மீன்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வெப்பமானி வைத்திருக்கும் தூண்டில்காரர் அந்தப் பட்டையைத்தான் தேடுகிறார்.

டிரௌட்டைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் நீலகிரியிலேயே இருக்கிறது. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் அதை அங்கே குடியேற்ற முயன்றார். முதல் முயற்சி பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் வானவில் டிரௌட்டைக் கொண்டுவந்து வெற்றி கண்டார். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் மேலே இருப்பதால் அங்கே நீர் குளிர்ந்திருக்கிறது. அதே மீனை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால் பிழைக்காது. மண்டபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, மண்டபத்துக்கே திரும்புவோம். பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 10 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். காற்று அடித்தால் மேலிருந்து கீழ்வரை நீர் கலங்கிவிடும். சூட்டுக்குத் தப்பி இறங்க ஒரு குளிர்ந்த நடு அடுக்கு இங்கே கிடையாது. நம் மீன்கள் சூடான நீருக்குப் பழகியவை என்பது உண்மை. ஆனால் கரைந்த ஆக்சிஜனில் அவற்றுக்கு மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை.

இப்போது இந்தக் கடலில் மீனைப் பிடிப்பதோடு வளர்க்கவும் செய்கிறார்கள். மண்டபம் கேம்ப்பில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1947-ல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு 1971 வரை மண்டபமே தலைமையிடமாக இருந்தது. பிறகு தலைமையகம் கொச்சிக்குப் போனது. 2010-ல் மண்டபம் மையத்தில்தான் கடல் விராலை இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து குஞ்சு பொரிக்கவைத்தார்கள். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். குளத்து விரால் நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் சந்தையில் குடத்து நீரில் உயிரோடு வைத்து விற்க முடிகிறது. கடல் விராலுக்கு அந்த வசதி இல்லை. அது செவுளை மட்டுமே நம்பியிருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கடலில் மிதக்கும் ஒரு வட்டக் கூண்டு. விட்டம் 6 மீட்டர், வலையின் ஆழம் 4 மீட்டர். கொள்ளளவு சுமார் 113 கனமீட்டர், அதாவது 1,13,000 லிட்டர். லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்றால் மொத்த ஆக்சிஜன் 678 கிராம். உள்ளே ஒரு கிலோ எடையுள்ள 1,000 மீன்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு மொத்தச் செலவு 300 கிராம். நீரோட்டம் நின்றுவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடும்! கூண்டு மீன் உயிரோடு இருப்பது வலைக்கண் வழியே ஓயாமல் புதுநீர் வருவதால்தான். பாசியும், படகின் அடியில் ஒட்டுமே அந்த ஓட்டுடலிகளும் வலைக்கண்ணை அடைத்துவிட்டால் வழி மறிக்கப்படும். கூண்டு வைத்திருப்பவர்கள் வலையை அடிக்கடி சுத்தம் செய்வதும் மாற்றுவதும் அழகுக்காக அல்ல.

புதுநீரிலேயே ஆக்சிஜன் இல்லை என்றால்?

அதுதான் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்தது. பாம்பனை ஒட்டிய தென்கடலின் நீர் பச்சை நிறமாகியது. இரவில் அலை உடையும் இடமெல்லாம் நீல ஒளி மின்னியது. பார்க்க அழகுதான். ஆனால் கரையில் செத்த மீன்கள் ஒதுங்கின. காரணம் நாக்டிலூகா என்ற ஒரு செல் உயிரி. குண்டூசித் தலையைவிடச் சிறியது. கோடிக்கணக்கில் பெருகினால் கடலின் நிறத்தையே மாற்றிவிடும். அதன் உடலுக்குள் பச்சைப் பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் அவை ஆக்சிஜன் தயாரிக்கும். இரவில் தயாரிப்பு நிற்கும், சுவாசம் நிற்காது. பெருங்கூட்டமாக மடிந்து அழுகும்போது பாக்டீரியாக்களும் பங்குக்கு வந்துவிடும். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் அப்போது மூழ்கி ஆராய்ந்தபோது, ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. சிங்கிள் தீவை ஒட்டிய பவளப்பாறைகளும் மடிந்திருந்தன. நீந்தக்கூடிய மீன்களில் சில தப்பி ஓடியிருக்கும். பவளத்துக்குக் கால் ஏது? கூண்டு மீனுக்கோ துடுப்பு இருந்தும் வழியில்லை.

இனி நீங்களே அளந்து பாருங்கள். ஒரு கண்ணாடிச் சீசாவின் அடியில் கல்லைக் கட்டுங்கள். கழுத்தில் நீண்ட கயிறு கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். தக்கையை இறுக்கிவிடாமல் செருகி, அதற்குத் தனியாக ஒரு கயிறு கட்டுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஊருணிப் படித்துறைக்கோ படகுத் துறைக்கோ போங்கள். சீசாவை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுங்கள். குமிழி வருவது நின்றதும் மேலே தூக்கி, உடனே வெப்பமானியை விட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையிலும் பிற்பகல் இரண்டு மணிக்குமாக ஒரு வாரம் செய்யுங்கள். ஊருணியில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் எவ்வளவு வித்தியாசம்? கடலில் எவ்வளவு? காற்று பலமாக அடித்த மறுநாள் அந்த வித்தியாசம் என்ன ஆயிற்று?

விடியற்காலையில் ஊருணிக்குப் போகும்போது மீன்களையும் கவனியுங்கள். வாயைப் பிளந்துகொண்டு மேல்நீரில் திரண்டு நின்றால், இரவில் அங்கே என்ன நடந்திருக்கும் என்று உங்களால் இப்போது சொல்ல முடியும்.