எங்கிருந்து வந்தது? தபாலின் பெயரில் ஒரு பொய்

கேள்வி: "உங்கள் பொதி வந்துள்ளது, முகவரி சரியில்லை, இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரிலேயே போனுக்கு மெசேஜ் வருகிறது. எங்கள் பக்கத்தில் பலருடைய பிள்ளைகள் கட்டாரிலும் துபாயிலும் இருப்பதால் யாரும் நம்பிவிடுவார்கள். இந்த ஏமாற்று எப்போது தொடங்கியது? திணைக்களத்தின் பெயர் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?
– ஒரு வாசகி, மாங்கேணி

பதில்: கடிதம் எழுதி ஏமாற்றுவது போனைவிடப் பல தலைமுறை மூத்த தொழில். பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து வந்த ஆண்டுகளில், பாரிஸ் பக்கத்துப் பிசேத்ர் சிறைக் கைதிகள் வசதியானவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். நான் ஒரு பிரபுவின் வேலைக்காரன், தப்பி ஓடும்போது நகைப்பெட்டியை ஒளித்து வைத்தோம், சிறிது பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன் என்பது கதை. திருடனாக இருந்து பின்னர் பொலிஸ் துப்பறிவாளரான விடோக், நூறு கடிதங்களில் இருபதுக்குப் பதில் வந்ததாக எழுதியிருக்கிறார்.

பணத்தைக் கேட்காமல் தகவலைக் கேட்கும் வித்தை 1990களின் நடுவில் பரவியது. 'அமெரிக்கா ஒன்லைன்' இணையச் சேவையின் ஊழியர்கள் போல நடித்து, கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை வாங்கினார்கள்.

இனி, பெயர் கிடைத்த கதை. முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் ஒரு கணினியிலிருந்து ஒரு போனுக்குப் போனது, நத்தார் வாழ்த்து. அனுப்புநர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பதினொரு எழுத்து வரை ஒரு பெயரையும் போடலாம் என்று எஸ்எம்எஸ் விதிமுறை இடம் கொடுத்தது. அந்தப் பெயர் உண்மைதானா என்று சோதிக்கும் வேலையை அது போனிடம் கொடுக்கவில்லை. ஆகவே திணைக்களத்தின் பெயரை யாரும் திருடத் தேவையில்லை, எழுதினாலே போதும். போனும் ஒரே பெயரில் வருவதையெல்லாம் ஒன்றாக அடுக்கிவிடும். 2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்களுக்கு நடந்தது இதுதான்: வங்கியின் உண்மையான செய்திகளுக்குக் கீழேயே பொய்ச் செய்தியும் வந்து நின்றது. ஏறக்குறைய 790 பேர் 1 கோடியே 37 இலட்சம் சிங்கப்பூர் டொலரை இழந்தார்கள். அதன் பிறகு, பெயர் போட்டு அனுப்புகிறவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அந்த நாடு 2023 ஜனவரி இறுதியில் சட்டமாக்கியது.

தபாலின் பெயரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் நீங்களே சொன்னதுதான். வங்கிக் கணக்கு இல்லாத வீட்டிலும் பொதிக்குக் காத்திருப்பவர் உண்டு. லிங்கை அழுத்தினால் திணைக்களத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறக்கும்; கேட்கும் கட்டணம் மிகச் சிறியது. அந்தச் சில்லறை அவர்களுக்கு வேண்டியதில்லை, அதைக் கட்ட நீங்கள் தட்டும் அட்டை இலக்கம்தான் வேண்டும். அதை வைத்து அவர்கள் வேறெங்கோ பெரிய தொகைக்குப் பொருள் வாங்கத் தொடங்குவார்கள். உடனே வங்கி உங்களுக்கு ஓடிபி எனும் ஒருமுறைக் கடவு எண்ணை அனுப்பும். அதையும் அந்தப் பக்கத்தில் தட்டினால் வேலை முடிந்தது. இத்தகைய செய்திகளை நம்ப வேண்டாம் என்று நம் தபால் திணைக்களமும் எச்சரித்திருக்கிறது.

சோதிக்க இரண்டு வழி உண்டு. வெளிநாட்டிலிருந்து பதிவுத் தபாலில் வரும் பொதிக்கு 13 இடங்கள் கொண்ட இலக்கம் உண்டு: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்துக் குறி. கட்டார் என்றால் க்யூ-ஏ, துபாய் என்றால் ஏ-இ. அனுப்பிய பிள்ளையிடம் உள்ள பற்றுச்சீட்டில் அது இருக்கும், கேட்டு ஒப்பிடுங்கள். இரண்டாவது, லிங்கின் முகவரி. தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் 'டொட் கவ் டொட் எல்கே' என்று முடியாவிட்டால், தொடக்கத்தில் தபாலின் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது திணைக்களத்தின் தளமல்ல.

ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைப்பதில் போகும் நேரம்தான் திருடனுக்கு இலாபம். முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள், பொலிஸ் முறைப்பாடு அடுத்ததாக இருக்கட்டும்.