மணம் தெரியவில்லை என்றால் நோய் கடுமையா?

கொரோனா பரவிய நாட்களில் பல வீடுகளில் இது நடந்தது. அடுப்பில் தாளிப்பு கருகும். பக்கத்தில் நிற்கும் உம்மாவுக்குத் தெரியாது. அத்தர் குப்பியைத் திறந்து முகர்ந்தாலும் வெறும் தண்ணீர் போல இருக்கும். "மூளைக்கே கிருமி ஏறிவிட்டதோ" என்று சிலர் பயந்தார்கள். "மணம் போனால் லேசான நோய்தான்" என்று சிலர் அசட்டையாக இருந்தார்கள். இரண்டுமே சரியல்ல.

சாதாரணச் சளியில் மூக்கு அடைத்துக்கொள்வதால் பெரும்பாலும் மணம் குறைகிறது. கொரோனாவில் மூக்கு அடைக்காமலே மணம் போனது. மூக்கின் உச்சியில் மணத்தை உணரும் நரம்புச் செல்களும், அவற்றைப் பராமரிக்கும் துணைச் செல்களும் இருக்கின்றன. வைரஸ் நுழையும் வாசலான ஏசிஇ2 என்ற புரதம் துணைச் செல்களில் இருக்கிறது. அவை பாதிக்கப்படும்போது நரம்புச் செல்களும் வேலை செய்ய முடியாமல் போகின்றன. துணைச் செல்கள் மீண்டும் வளரக்கூடியவை. அதனால்தான் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மணம் திரும்புகிறது.

நோயின் கடுமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஐரோப்பாவில் 18 மருத்துவமனைகளில் 2,581 கொரோனா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. லேசான நோய் கண்டவர்களில் 85.9 சதவீதம் பேருக்கு மணம் குறைந்திருந்தது. நடுத்தர, கடுமையான நோய் கண்டவர்களில் அது 7 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை.

ஆனால் இதைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூச்சுக்குப் போராடுபவர் மணம் தெரிகிறதா என்று எண்ணிப் பார்க்கும் நிலையில் இருப்பதில்லை. மேலும், இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் வாப்பாவுக்கு என்ன ஆகும் என்பதை இது சொல்லாது. பின்னர் வந்த ஒமிக்ரானில் மணம் இழந்தவர்கள் குறைவு. நோயும் லேசாகவே இருந்தது. ஆகவே மணத்தை வைத்து நோயை அளக்க முடியாது.

அளக்க வேண்டியது மூச்சைத்தான். மூச்சுத் திணறல், நெஞ்சில் அழுத்தம், குழப்பம், உதடு நீலமாவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சிலருக்குத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் குறைவதுண்டு. முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை.

மணம் திரும்பும் வரை வீட்டில் எச்சரிக்கை வேண்டும். கேஸ் கசிந்தாலோ, குழம்பு ஊசிப்போனாலோ அவருக்குத் தெரியாது. சிலிண்டர் வால்வை மூடியதை இன்னொருவர் பார்க்கட்டும். சமைத்த நாளைக் குறித்து வையுங்கள்.

சில வாரங்களாகியும் திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மணப் பயிற்சி சிலருக்குப் பயன் தருகிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களை, ஒவ்வொன்றாக, காலையும் மாலையும் சில விநாடிகள் நினைவில் நிறுத்தி முகர வேண்டும். ஜெர்மனியில் 2009-இல் வெளியான ஆய்வில் இதை 12 வாரங்கள் செய்தார்கள். செலவில்லாத பயிற்சி, பொறுமைதான் வேண்டும்.