நம் மஹல்லாவில் எந்த வயதினர் எத்தனை பேர்?



எந்த உதவித் திட்டத்தை வகுத்தாலும், அந்தப் பகுதியில் எந்த வயதினர் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக் கட்டண உதவிக்கு எவ்வளவு ஒதுக்குவது, மருந்துச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது அதைப் பொறுத்தது. இந்த இதழில் நமது திருவல்லிக்கேணியை முன்வைத்து, ஒரு பேட்டையின் வயது அமைப்பை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

பார்வைக்கு இளமையான பேட்டை

மாலை நேரத்தில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலோ ஜாம்பஜார் பக்கமோ நடந்தால் இளைஞர்கள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். மேன்ஷன்கள் நிறைந்த பகுதி இது. வேலை தேடி வந்தவர்கள், கடைகளில் வேலை செய்பவர்கள், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று பல மாவட்டத்து இளைஞர்கள் இங்கே தங்குகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரைச் சொந்த ஊரில் அல்ல, கணக்கெடுக்கும் காலத்தில் வழக்கமாகத் தங்கியிருக்கும் இடத்தில்தான் எண்ணுகிறது. எனவே இவர்களும் நம் பகுதியின் கணக்கில் சேருவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த மொத்தத் தொகை குடும்பங்களின் நிலையை மறைத்துவிடும்.

ஒரு சிறு கணக்கு

இது விளக்கத்துக்காக நாம் போட்டுப் பார்க்கும் கணக்கு. ஒரு சந்தில் ஒரு வீடும் ஒரு சிறிய மேன்ஷனும் இருப்பதாகக் கொள்வோம். வீட்டில் ஐந்து பேர். வயது 68, 63, 41, 36, 9. மேன்ஷனில் ஆறு பேர். வயது 22, 23, 24, 24, 26, 28.

பதினொரு பேரையும் வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 26 வயது. இதை இடைநிலை வயது என்பார்கள். பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் அதற்கு மேலே. 26 என்றதும் இது இளைஞர்கள் வாழும் சந்து என்றுதான் முடிவு செய்வோம். மேன்ஷனை விட்டுவிட்டு வீட்டை மட்டும் எடுத்தால் இடைநிலை வயது 41 ஆகிவிடுகிறது.

சார்பு விகிதத்தையும் பார்ப்போம். 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களை உழைக்கும் வயதினர் என்றும், மற்றவர்களை அவர்களைச் சார்ந்திருப்பவர்கள் என்றும் கொள்வது வழக்கம். சந்து முழுவதையும் எடுத்தால் எட்டுப் பேரைச் சார்ந்து மூன்று பேர். வீட்டை மட்டும் எடுத்தால் இரண்டு பேரைச் சார்ந்து மூன்று பேர். மேன்ஷன் இளைஞரின் சம்பளம் அவருடைய ஊருக்குப் போகிறதே தவிர, பக்கத்து வீட்டுப் பெரியவரின் மருந்துக்கு வருவதில்லை. ஆகவே குடும்பங்களையும் தனியாகத் தங்கியிருப்பவர்களையும் இரண்டு பட்டியல்களாக எழுதுவதே சரி.

நகரின் நடுவே ஏன் மூப்பு கூடுகிறது?

முதல் காரணம் மாநிலம் முழுவதற்கும் பொதுவானது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. மத்திய அரசின் வல்லுநர் குழு மதிப்பீட்டில் இது 2021இல் 13.6, 2031இல் 18.2. பிறப்பு குறைந்ததும் ஆயுள் நீண்டதும் இதற்குக் காரணம். முஸ்லிம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. தேசிய குடும்ப நல ஆய்வுகளின்படி, இந்திய முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1992-93இல் 4.4, 2019-21இல் 2.4க்கும் சற்றுக் குறைவு.

இரண்டாவது காரணம் இடப்பெயர்வு. 2001க்கும் 2011க்கும் இடையில் அன்றைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7 விழுக்காடுதான் கூடியது. அதே பத்தாண்டில் திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும், காஞ்சிபுரம் மாவட்டம் 38 விழுக்காட்டுக்கு மேலும் வளர்ந்தன. நகரின் நடுவே வாடகை கட்ட முடியாத இளம் தம்பதியர் தாம்பரம் பக்கமோ ஆவடி பக்கமோ போகிறார்கள். சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். வாப்பாவும் உம்மாவும் பழைய வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். பள்ளிவாசலும் பழகிய மருத்துவரும் தெரிந்த கடைக்காரரும் இங்கேதானே இருக்கிறார்கள்! நம் பகுதியின் பழைய வீடுகளோ செங்குத்தான குறுகிய படிக்கட்டு கொண்டவை. முழங்கால் தேய்ந்த ஒரு பெரியவர் மாடியை விட்டு இறங்காமலே மாதங்களைக் கழித்துவிட முடியும்.

நமக்குக் கிடைக்கும் ஏடுகள் காட்டாதவை

ஜமாஅத் சந்தாப் பதிவேடு பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயரில் இருக்கிறது. வெளியே குடிபோன பலரும் நிக்காஹ் பதிவுக்காகவும் கபரஸ்தான் உரிமைக்காகவும் இங்கே சந்தா கட்டி வருகிறார்கள். எனவே இங்கு வசிக்காதவர்கள் ஏட்டில் இருப்பார்கள். இங்கேயே வசிக்கும் கைம்பெண் ஒருவர் மறைந்த கணவரின் பெயருக்குப் பின்னால் இருப்பார்.

பள்ளிவாசல் தொழுகை வரிசையில் நாற்காலிகள் கூடுவதை வைத்து முதியவர்கள் பெருகுவதை ஓரளவு உணரலாம். ஆனால் அது நடந்து வர முடிகிற ஆண்களின் கணக்கு. பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் ஆண்டுகள் வாழ்வதாலும், கணவரைவிட வயதில் இளையவர்களாக இருப்பதாலும், முதுமையில் தனித்து நிற்பவர்களில் பெண்களே அதிகம். அவர்களை நாற்காலிகள் காட்டுவதில்லை.

பிறப்புப் பதிவும் உதவாது. 1885இல் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரி, அதாவது இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, நம் பகுதியில்தான் இருக்கிறது. பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். பிள்ளை பெற்ற தாய்மாரோ பல ஊர்களுக்குத் திரும்பிவிடுவார்கள்.

வயதைக் கேட்கும் முறை

"வயது என்ன?" என்று கேட்டால் பலர் 60, 65, 70 என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். பிறந்த தேதிக்கு ஆவணம் இருந்தால் அதைப் பார்த்து எழுத வேண்டும். இல்லையென்றால் நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்கலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது நீங்கள் பிறந்திருந்தீர்களா? 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபோது பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா? இப்படிக் கேட்டால் ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம்.

சில பெரியவர்கள் ஹிஜ்ரி கணக்கில் வயது சொல்வார்கள். ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாட்கள் குறைவானது. ஹிஜ்ரி கணக்கில் 60 நிறைந்தவருக்கு ஆங்கிலக் கணக்கில் 58 தான். இது சிறு வேறுபாடு அல்ல. அரசின் முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி வயது 60. 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்த அந்தத் தொகை, தனியாக வாழும் ஒருவருக்குப் பெரிய ஆறுதல். வயதைத் தவறாக எழுதினால் விண்ணப்பம் திரும்பிவிடும்.

இனிச் செய்ய வேண்டியது

ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர். அதில் வயது ஒரு அளவுகோல் அல்ல, தேவைதான் அளவுகோல். மாணவரின் கல்வி உதவியைக் குறைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மாணவர் விண்ணப்பத்தோடு நேரில் வருகிறார். மாடியில் இருக்கும் மூதாட்டி வருவதில்லை. வருபவருக்கு மட்டும் கொடுத்தால், வர இயலாதவரின் பங்கு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் என்று அரசு அறிவித்துள்ளது. அதில் நம் வீட்டார் ஒவ்வொருவரும் சரியான வயதோடு எண்ணப்படுவதை நாம் உறுதி செய்ய வேண்டும். அதுவரை 2011 கணக்கே கையில் இருப்பதால், தெருவாரியாக ஒரு சிறு கணக்கை நாமே எடுப்பது நல்லது. ஒரு வீட்டுக்கு ஐந்து கேள்விகள் போதும்: இங்கே இரவில் தங்குபவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டு என்ன? தனியாக இருப்பவர் யார்? எந்த மாடி? அவசரத்துக்கு யாரை அழைப்பது?

முதிய பெண்களிடம் பெண்கள் பேசினால்தான் விவரம் வரும். ஆகவே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சகோதரரும் ஒரு சகோதரியும் முன்வர வேண்டுகிறோம். பெயர் தர விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் தெரிவிக்கலாம். திரட்டும் விவரங்கள் உதவிப் பணிக்கு மட்டுமே பயன்படும். யாருடைய பெயரும் இந்த மடலில் வெளியாகாது. வல்ல அல்லாஹ் இந்தப் பணியை இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.