கட்டண வாயிலுக்கு வெளியே: பெருவிரைவு ரயில் நிலையக் கடைகளின் பட்டறிவு

சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் சேவை 1987 நவம்பர் 7-ஆம் நாள் இயோ சூ காங் முதல் தோ பாயோ வரையிலான ஐந்து நிலையங்களுடன் தொடங்கியது. இன்று ஒரு நாளில் அதன் வழியே நிகழும் பயணங்கள் 30 லட்சத்தைத் தாண்டுகின்றன. இவ்வளவு மனிதர்கள் கடந்துபோகும் இடத்தில் ஒரு சிறு கடையைப் பிடித்துவிட்டால் வியாபாரம் தானே நடந்துவிடும் என்று புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் நம்புவது இயல்பு. நிலையக் கடைகளில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களின் பட்டறிவோ வேறு. கடந்துபோகும் கால்கள் வேறு, நிற்கும் கால்கள் வேறு. வாடகை முதலாவதைப் பார்த்து விதிக்கப்படுகிறது, வருமானம் இரண்டாவதிலிருந்துதான் வருகிறது. நிலையக் கடை நடத்துவோர் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்ற கேள்வியிலேயே வந்து நிற்கின்றன.

ரயில் நிலையத்தில் வியாபாரம் என்பது தமிழர்களுக்குப் புதியதன்று. தென்னிந்திய ரயில் நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைகள் பல தலைமுறைப் பயணிகளுக்கு வாசிக்கக் கொடுத்தன. மணப்பாறை முறுக்கும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் ஊர்ப் பெயரோடு புகழ்பெற்றதில் ரயில் பயணிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சிங்கப்பூரிலேயே, 1932-இல் திறக்கப்பட்டு 2011 ஜூன் 30-ஆம் நாளோடு சேவையை முடித்துக்கொண்ட தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில், இந்திய முஸ்லிம்கள் நடத்திய உணவுக் கடைகளும் நாணயமாற்றோடு சேர்ந்த புத்தகக் கடையும் நெடுங்காலம் இயங்கின. ஆனால் அந்த நிலையங்களின் பயணி காத்திருப்பவர். மலேசியாவுக்குப் போகும் வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு, சாப்பிட்டு, தேநீர் குடித்து, பத்திரிகை புரட்டியவர். பெருவிரைவு ரயிலின் பயணிக்குக் காத்திருப்பு என்பதே சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களையும் அவர் தளமேடையில் கழிக்கிறாரே அன்றிக் கடை வாசலில் கழிப்பதில்லை. பழைய ரயில் நிலையத்தின் நினைவை வைத்துக்கொண்டு புதிய நிலையத்தில் கடை போடுபவர் செய்யும் முதல் பிழை, தம் வாடிக்கையாளரிடம் நேரம் இருக்கிறது என்று எண்ணுவதாகும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது கட்டண வாயில், அதாவது பயண அட்டையைத் தட்டி உள்ளே நுழையும் தடுப்பு வரிசை. சிங்கப்பூர் நிலையங்களில் கடைகள் பெரும்பாலும் இந்த வாயிலுக்கு வெளியே, கட்டணம் இல்லாத பகுதியில் அமைந்துள்ளன. ஜப்பானில் இதற்கு மாறாக, வாயிலுக்கு உள்ளேயே அங்காடிகளை அமைக்கும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. 'நிலையத்துக்குள்' என்ற பொருளில் அதை 'எகிநாகா' என்கிறார்கள். ஒமியா நிலையத்தில் 2005-இல் திறக்கப்பட்ட 'எக்யூட்' அங்காடி அதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. வண்டி மாறும் பயணிகூட அங்கே கடைகளின் நடுவே நடந்தாக வேண்டும். சிங்கப்பூரில் அப்படியில்லை என்பதால், இரு பாதைகள் சந்திக்கும் சந்திப்பு நிலையம் என்ற பெயரைக் கண்டு ஏமாறக் கூடாது. லிட்டில் இந்தியா நிலையம் 2003 ஜூன் 20-இல் வடக்கு-கிழக்குப் பாதையோடு திறக்கப்பட்டது. 2015 டிசம்பர் 27-இல் டௌன்டவுன் பாதையும் வந்து சேர, அது சந்திப்பு நிலையமாயிற்று. ஆனால் ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு மாறும் பயணி கட்டணப் பகுதிக்குள்ளேயே நடந்து மாறிவிடுகிறார். வாயிலுக்கு வெளியே இருக்கும் கடைக்கு அவர் கண்ணிலும் படாத மனிதர். நியூட்டன், தெம்பனிஸ் நிலையங்களில் நிலைமை வேறு: அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாற விரும்புபவர் அட்டையைத் தட்டி வெளியே வந்து, 15 நிமிடங்களுக்குள் மறுபடி உள்ளே செல்ல வேண்டும். அந்த நடைவழியில் இருக்கும் கடைக்கு வண்டி மாறுபவரும் வாடிக்கையாளர் ஆகக்கூடும். ஆகவே ஒரு நிலையத்தின் மொத்தப் பயணிகள் எவ்வளவு என்று கேட்பதைவிட, அவர்களில் எத்தனை பேர் இந்தக் குறிப்பிட்ட கடையின் முன்னால் நடக்கிறார்கள் என்று கேட்பதே பயன்தரும் கேள்வி.

நிலையத்துக்குள்ளும் ரயிலுக்குள்ளும் உண்பதும் பருகுவதும் தடை. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம் என்ற அறிவிப்பு சுவரெங்கும் உள்ளது. டுரியான் பழத்துக்கு நுழைவே இல்லை. உணவு விற்பவருக்கு இது முட்டுக்கட்டை என்று தோன்றினாலும், உண்மையில் இதுவே நிலைய உணவுக் கடையின் வடிவத்தைத் தீர்மானித்தது எனலாம். வாங்குபவர் அந்த இடத்தில் சாப்பிடப்போவதில்லை, வீட்டிலோ அலுவலகத்திலோ சாப்பிடுவார், இடையில் அரைமணி நேரம் நெரிசலான வண்டியில் நிற்பார் என்று தெரிந்துகொண்டு பொட்டலம் கட்டுபவர்தான் இதில் நிலைக்கிறார். மாலை ஆறரை மணிக்கு ஒரு நிலையக் கடையில் கறிபஃப் வாங்கும் பெண்ணைக் கவனித்தால் இது விளங்கும். ஒரு கையில் கைப்பேசி, தோளில் மடிக்கணினிப் பை; மறு கையில் ஒரே ஒரு விரல்தான் காலியாக இருக்கிறது. அந்த ஒரு விரலில் மாட்டிக்கொள்ளக் கைப்பிடி உள்ள பையில், எண்ணெய் கசியாத உள்தாளோடு, வாய் மடித்துக் கொடுத்தால் அவர் நாளையும் வருவார். திறந்த தாளுறையில் சூடாகக் கொடுத்து, எண்ணெய்க் கறை அவருடைய உடையிலோ பக்கத்துப் பயணியின் சட்டையிலோ பட்டுவிட்டால், சுவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவரை மறுபடி எதிர்பார்க்க முடியாது. தேநீர்க் குவளைக்கு மூடி மட்டும் போதாது, தொங்கவிட்டுக்கொள்ளும் பையும் வேண்டும் என்பதும் இவ்வாறு கற்றதே. மணம் கிளப்பும் பண்டம் நிற்காத காலையும் நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அதே மணம் மூடிய வண்டிக்குள் வாங்கியவரைக் கூச வைத்தால் அது இரண்டாம் முறை விற்பனையைக் கெடுத்துவிடும்.

நேரக் கணக்கு இன்னும் கடுமையானது. உச்சநேரம் எனப்படும் நெரிசல் வேளை காலையிலும் மாலையிலும் ஓரிரு மணி நேரம் நீடித்தாலும், ஒரு கடைக்கு உண்மையாகப் பயன்படும் அலை ஏறத்தாழ இருபது நிமிடங்கள்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு விற்று முடிக்க 40 விநாடி ஆகுமானால், ஒரே ஆள் நிற்கும் கடையில் அந்த இருபது நிமிடங்களில் 30 பேருக்கு மேல் கொடுக்க முடியாது. அதை 20 விநாடியாகக் குறைத்தால் 60 பேருக்குக் கொடுக்கலாம். வேறெந்த விளம்பரமும் விற்பனையை இப்படி இரட்டிப்பாக்காது. விலையை முழு வெள்ளியிலோ அரை வெள்ளியிலோ முடிப்பது, அதிகம் விற்பவற்றை முன்கூட்டியே பொட்டலமாக்கி வைப்பது, விலைப்பட்டியலைப் பத்தடி தொலைவிலிருந்தே படிக்கும் அளவில் எழுதுவது, பணம் வாங்கும் கையும் பொருள் கொடுக்கும் கையும் குறுக்கிடாதபடி மேசையை அமைப்பது ஆகியவை சிறிய விஷயங்கள் போலத் தோன்றினும் அந்த 20 விநாடி இவற்றுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. மூன்று பேர் நிற்கும் வரிசை கடைக்கு அழகு. எட்டுப் பேர் நிற்கும் வரிசையைக் கண்டால் பயணி வண்டியை நினைத்து விலகிவிடுவார், அந்த வரிசையே வழியை அடைத்தால் நிலைய ஊழியரும் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

நடையின் திசையும் கணக்கில் கொள்ளத்தக்கது. காலையில் அலுவலகத்துக்கு விரைபவரும் மாலையில் வீடு திரும்புபவரும் ஒரே மனிதரே ஆயினும் கடைக்காரருக்கு அவர் இரு வேறு வாடிக்கையாளர். காலையில் அவர் எதையும் சுமக்க விரும்புவதில்லை. மாலையில் வீட்டில் என்ன தீர்ந்துபோயிற்று என்று யோசித்தபடி வருகிறார். மின்படிக்கட்டு முடியும் இடத்துக்கு நேர் எதிரே கடை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று பலர் கருதுவதுண்டு. ஆனால் படிக்கட்டிலிருந்து கால் எடுத்து வைத்தவருக்குப் பின்னால் வருபவரின் நெருக்கடி இருப்பதால் அந்த இடத்தில் அவரால் நிற்கவே முடியாது. அதைவிடப் பத்துப் பதினைந்து அடி தள்ளி, நடையின் வேகம் சற்றே தளரும் இடத்தில், அவர் நடக்கும் பக்கமாகவே அமைந்த கடைதான் சிறந்தது.

லிட்டில் இந்தியாவுக்கென்று தனி நியாயம் ஒன்று உண்டு. ராஃபிள்ஸ் பிளேஸ் போன்ற நிலையத்தில் பயணி வேலைக்காக இறங்குகிறார். நிலையக் கடை அவருக்கு வசதி. லிட்டில் இந்தியாவில் இறங்குபவரில் பெரும்பாலோர் கடைக்குப் போகத்தான் இறங்குகிறார்கள். பஃப்ளோ சாலைப் பக்கம் மேலே ஏறினால் எதிரே வாழையிலையும் முருங்கைக்காயும் அடுக்கிய கடைகள், அருகே 1982 முதல் இயங்கும் தேக்கா சென்டர் கட்டடத்தின் சந்தை, சில அடிகள் நடந்தால் மாலை கட்டும் பூக்கடைகள், சிராங்கூன் சாலையில் 1947-இல் தொடங்கப்பட்ட கோமள விலாஸ். இத்தகைய இடத்தில் நிலையத்துக்குள் மளிகை விற்பது தேக்காவோடு போட்டியிடுவதாகும். அதில் விலையாலும் வெல்ல முடியாது, வகையாலும் வெல்ல முடியாது, பேரம் பேசும் இன்பத்தாலும் வெல்ல முடியாது. தரைக்கு மேலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தேக்கா சந்தைக்கு எதிரே, 2003-இல் தேக்கா மால் என்ற பெயரில் குளிரூட்டப்பட்ட பேரங்காடி ஒன்று எழுந்தது. பின்னர் அது 'தி வெர்ஜ்' என்று பெயர் மாறி, 2017-இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் 2020-இல் தேக்கா பிளேஸ் வந்தது. ஒரு பேட்டையின் பழகிய கால்களைத் திருப்புவது பெரிய கட்டடத்துக்கே அவ்வளவு கடினமென்றால், நூறு சதுர அடிக் கடை அதற்கு முயல்வது வீண். நிலையக் கடை இங்கே செய்யக்கூடியது, தேக்காவுக்குப் போகிறவரிடமும் வருகிறவரிடமும் இல்லாததைக் கொடுப்பது: திடீர் மழைக்குக் குடை, கனத்த காய்கறிக்கு உறுதியான துணிப்பை, தீர்ந்துபோன கைப்பேசிக்கு மின்னூட்டி, ஊருக்குப் பேசத் தரவு நிரப்பும் அட்டை, தலைவலி மாத்திரை, பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தல். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுப்பு நாளைக் கழிக்க வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இவையே தேவைப்படுகின்றன. அவர்களிடம் தமிழிலோ வங்காளத்திலோ நான்கு சொல் பேசத் தெரிந்த ஒருவரைக் கடையில் நிறுத்துவது அலங்காரப் பலகையைவிடப் பயன் தரும். மது விற்பனையை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம்; 2015-ஆம் ஆண்டின் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவைத் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரமாக வைத்திருக்கிறது.

நிலத்தடி இடத்துக்குத் தீயே பெரும் பகை. சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கிப் பதினொரு நாள் கழித்து, 1987 நவம்பர் 18-இல், லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மரத்தாலான மின்படிக்கட்டில் பற்றிய தீ 31 உயிர்களைக் குடித்தது. உலகெங்கும் நிலத்தடி நிலையங்களில் தீக்காப்பு விதிகள் கடுமையாயிருப்பதை இதோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். வடையை அங்கேயே எண்ணெயில் பொரிக்கும் கனவோடு வருபவர், வேறிடத்தில் சமைத்துக் கொண்டுவந்து மின்சாரத்தில் சூடாக்குவதற்கான செலவை முதலிலேயே கணக்கிட வேண்டும். காலையில் சாமி படத்துக்கு முன் சூடம் ஏற்றும் பழக்கமுள்ளவர்கள்கூட இங்கே சிறு மின்விளக்கோடு நிறைவு கொள்வதே முறை. சரக்கு வருவதும் அப்படியே: கடை வாசலுக்கு லாரி வராது, மின்தூக்கியில் தள்ளுவண்டியோடு இறங்க வேண்டும், பின்கட்டு அறை என்று ஒன்று பெரும்பாலும் இராது. அன்றாடம் விற்பதை அன்றாடம் வரவழைக்கும் ஏற்பாடு இல்லாதவர் கடையின் பாதியைக் கிடங்காக்கிவிடுவார்.

வாடகையைப் பற்றித்தான் கடைக்காரர்கள் மிகுந்த வருத்தத்தோடு பேசுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அடிப்படை வாடகை என்பது மாதந்தோறும் மாறாத தொகை. விற்பனைப் பங்கு வாடகை என்பது மொத்த விற்பனையில் இத்தனை விழுக்காடு என்று வாங்குவது. இரண்டையும் கணக்கிட்டு எது அதிகமோ அதைக் கேட்கும் வழக்கம் சில்லறைத் துறையில் நெடுங்காலம் இருந்தது. விற்றாலும் கடைக்காரருக்கு ஆறுதலில்லை, விற்காவிட்டாலும் ஆறுதலில்லை. 2023-இல் நிறைவேறி 2024 பிப்ரவரி 1-இல் நடைமுறைக்கு வந்த சில்லறைக் கடைக் குத்தகைச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கு ஒரு நடத்தைநெறியை வகுத்திருக்கிறது. குத்தகைக் காலம் முழுவதும் வாடகைக்குப் பொதுவாக ஒரே கணக்குமுறைதான் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான கூறு. இந்த நெறியை வாசிக்காமல் கையெழுத்திடுவது பெரும் தவறு. வாடகைக்கு அப்பால், முத்திரை வரி, சேவைக் கட்டணம், 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குத்தகை முடியும்போது கடையைப் பழைய வெற்று நிலைக்குத் திருப்பிக் கொடுக்கும் செலவு ஆகியவை உண்டு. இந்தக் கடைசிச் செலவைத் தொடக்கத்திலேயே மாதங்களாகப் பிரித்து ஒதுக்கி வைக்காதவர், குத்தகையின் முடிவில் ஈட்டிய இலாபத்தைச் சுவரை இடிப்பவரிடம் கொடுத்துவிட்டு வெளியேற நேரும்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் முறியடிப்புத் திட்டம் நடப்பிலிருந்தபோது நிலையங்கள் வெறிச்சோடின. தெருக்கடைக்கு அக்கம்பக்கத்தார் இருந்தார்கள். நிலையக் கடைக்கு அக்கம்பக்கம் என்பதே இல்லை என்பது அப்போது தெளிவாயிற்று. வாடிக்கையாளர்களின் கைப்பேசி எண்களை வாங்கி வைத்து, முன்பதிவில் கொடுத்துப் பழகியிருந்த சிறு கடைகளுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு விட இடமிருந்திருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கம் அதன் பின்னும் முற்றாக நீங்கவில்லை என்பதால், வாரத்தின் ஐந்து நாளும் ஒரே அளவு கூட்டம் வரும் என்று இனி எழுதி வைக்க முடியாது.

ஆகவே லிட்டில் இந்தியா நிலையத்திலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ கடை எடுக்க எண்ணுபவர்கள், தீபாவளி விளக்குகள் ஒளிரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம். பண்டிகை இல்லாத ஒரு மாதத்தில், செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வந்து, அந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்று, கடந்தவர் எத்தனை பேர், வேகத்தைக் குறைத்தவர் எத்தனை பேர் என்று இரு பத்திகளாகத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாம் பத்தியின் எண்ணிக்கையை வைத்து வாடகையைப் பேசுங்கள்.