மலைச் சாலையில் கேரவன்: டயர்களின் ஒழுங்கற்ற தேய்வும் மாற்றும் முறையும்

வாளையாறு வழியாகக் கேரளத்துள் நுழையும் மோட்டார் வண்டி, மலையேறாமலேயே மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் அகன்ற சமவெளி அதற்கு வழிவிடுகிறது. அதே வண்டி தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்குச் செல்லுமாயின் நிலைமை முற்றிலும் வேறு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இவ்விரு எல்லைகளையும் மாறி மாறிக் கடக்கும் வண்டியின் டயர்கள் இருவகைத் துன்பத்துக்கு உள்ளாகின்றன. ஒன்று, கோடையில் 40 பாகைக்கு மேலும் செல்லக்கூடிய பாலக்காட்டு வெயிலில் நெடுந்தூரம் நேராக விரைவது; மற்றொன்று, பாரத்துடன் வளைந்து வளைந்து ஏறி இறங்குவது.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022இல் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. படுக்கை, சமையலிடம், குளியலறை, நீர்த்தொட்டி ஆகிய யாவற்றையும் தன்னுள் கொண்ட இவ்வண்டி, உண்மையில் ஒரு சிறு லாரியின் அடிச்சட்டத்தின்மீது அமைந்த வீடேயாகும். நடமாடும் மருத்துவமனை, நடமாடும் நூலகம் ஆகியவற்றின் அமைப்பும் இதுவே. கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்பக் காட்சியகம் 1965இல் தொடங்கிய நடமாடும் அறிவியல் காட்சி வண்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆதலின் இங்குக் கூறப்படுபவை இத்தகைய வண்டிகளில் பணிபுரியும் கள அலுவலர்களுக்கும் பொருந்தும்.

லாரி சரக்கை இறக்கியபின் காலியாகத் திரும்புகிறது. கேரவன் ஒருபோதும் காலியாவதில்லை. அது நிற்கும் நாட்களிலும் முழுப் பாரமும் டயர்களின்மீதே இருக்கிறது. அன்றியும், அப்பாரம் இருபுறமும் சமமாக இருப்பதும் அரிது. 200 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி 200 கிலோகிராம் எடையாகும். அதனுடன் குளிர்பெட்டியும் மின்கலங்களும் ஒரே பக்கத்தில் அமைந்துவிட்டால், அப்பக்கத்து டயர்கள் மற்றவற்றைவிட மிகுதியாக நசுங்கும். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறமாகச் செல்வதாலும், மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்த்தப்பட்டிருப்பதாலும், வண்டி சற்றே இடப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. கனமான பொருள்களும் இடப்புறத்திலேயே இருப்பின் இவ்விரு காரணங்களும் ஒன்றுகூடிவிடும். எனவே டயர் தேய்வைப் பற்றிய ஆராய்ச்சி டயர்க் கடையில் தொடங்கக்கூடாது. எடை மேடையில் தொடங்க வேண்டும். நீரும் பொருள்களும் நிரப்பிய நிலையில் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியே நிறுத்து, இயலுமாயின் இடம், வலம் எனவும் பிரித்துப் பார்ப்பது நலம். ஓர் அச்சில் எப்பக்கம் பாரம் அதிகமோ அதற்குரிய காற்றழுத்தத்தைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் கண்டு, அவ்வச்சின் எல்லா டயர்களுக்கும் அதே அளவு காற்றடைத்தல் முறை.

தேய்ந்த டயரின் முகத்தைப் பார்த்தே காரணத்தை ஓரளவு அறியலாம். காற்று குறைந்த டயர் இரு தோள்களிலும் தேயும். காற்று மிகுந்தது நடுவில் தேயும். ஒரு தோள் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருப்பின் சக்கரம் செங்குத்தாக நில்லாமல் சாய்ந்திருக்கிறது எனக் கொள்ளலாம். அங்கங்கே கிண்ணம்போல் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும், சக்கரத்தின் பேரிங்கையும், பாலன்சிங்கையும் சோதிக்க வேண்டும். ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருப்பது, பிரேக் பிடித்தபோது சக்கரம் சுழலாமல் இழுபட்டதன் அடையாளம்.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத தேய்வும் ஒன்று உண்டு. டயரின்மீது குறுக்காக உள்ளங்கையை ஓட்டிப் பார்க்கும்போது, ஒரு திசையில் வழுக்கிச் சென்று எதிர்த்திசையில் ரம்பப் பல்போல் உறுத்துமானால், சக்கரம் ஓடும் திசைக்கு நேராக நிற்கவில்லை என்பது பொருள். இதனை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். சக்கரம் அரைப் பாகை மட்டுமே விலகியிருப்பதாகக் கொள்வோம். அரைப் பாகையின் சைன் மதிப்பு ஏறத்தாழ 0.0087. அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் 8.7 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டுப் பெயர்ச்சி நேர வேண்டும். வண்டி நேராகவே செல்வதால் அதனைச் சாலையோடு உரசியே டயர் ஈடுசெய்கிறது. நூறு கிலோமீட்டருக்கு இது 870 மீட்டர்! வாளையாற்றுச் சாலை எவ்வளவுதான் சமமாயினும், இத்தகைய டயரை அது காப்பாற்றாது.

மலைப்பாதையில் நேரும் தேய்வு வேறு வகையானது. வளைவில் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு தூரம் செல்ல வேண்டியிருப்பதால், இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் வெவ்வேறு வேகம் தரும் டிஃபரன்ஷியல் பின் அச்சில் அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் ஒரே பக்கத்தில் அருகருகே பூட்டப்பட்ட இரட்டைச் சக்கரங்களுக்கு இவ்வசதி இல்லை. அவை ஒன்றாகவே சுழல வேண்டும். இரண்டின் மையங்களுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொண்டால், வண்டி அரைவட்டம் திரும்பும்போது அவை செல்ல வேண்டிய தூரங்களின் வேறுபாடு 3.14 × 0.30, அதாவது 94 சென்டிமீட்டர். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறுவதில்லை என்பது மாணவர்களை வியக்கச் செய்யும். பெரிய வளைவில் இவ்வுராய்வு நீண்ட தூரத்தில் பரவிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவிலோ சில மீட்டருக்குள் நிகழ்ந்து முடிகிறது. 17 வளைவுகளும் முழு அரைவட்டம் எனக் கொண்டால், போடிமெட்டுக்கு ஒருமுறை ஏறுவதற்குள் ஏறக்குறைய 16 மீட்டர் உராய்வை அவ்விணை டயர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன.

முன்சக்கரங்களில் இதன் விளைவு வெளித்தோள்களில் காணப்படும். காற்றுக் குறைவால் வரும் தோள் தேய்வோடு இதனைக் குழப்பிக்கொண்டு, அளவுக்குமேல் காற்றடைத்துவிடும் ஓட்டுநர் பலர். அதனால் சாலையைப் பற்றும் பரப்பு குறைந்து, மழைக்காலத்தில் தீங்கு நேரலாம். பின் டயர்களின் இரு தோள்களும் ஒருங்கே தேய்ந்திருந்தால் மட்டுமே காற்றுக் குறைவைச் சந்தேகிப்பது தகும்.

இரட்டைச் சக்கரங்களின் உட்டயரே பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அது காற்றிழந்தாலும் வெளியிலிருந்து தெரிவதில்லை. அதன் பாரத்தை வெளிட்டயர் சுமந்துகொண்டு ஓடும். இரண்டு டயரின் வேலையை ஒன்று செய்யும்போது அது மிகையாகச் சூடேறும். மலையிறக்கத்தில் பிரேக்கின் உஷ்ணமும் ரிம் வழியாக வந்து சேர்ந்தால், வளைவின் நடுவே வெடிக்கவும் கூடும். பின்னால் உறங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் உயிர் அந்த ஓர் உட்டயரைப் பொறுத்தது என்றால் மிகையன்று. டயரைக் கட்டையால் தட்டி ஒலியைக் கேட்பதோடு நில்லாமல், உட்டயரின் வால்வுக்கு எட்டும் நீட்டுக்குழாய் பொருத்தி, அழுத்தமானியைக் கொண்டு அளப்பதே முறை.

அளவையும் வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே எடுக்க வேண்டும். 25 பாகையில் 60 பவுண்டு காட்டும் டயர், ஓட்டத்தில் 55 பாகைக்குச் சூடேறினால் ஏறக்குறைய 67 பவுண்டு காட்டும். வாயுவின் இயல்பு அது. மிகுதியெனக் கருதிக் காற்றை வெளியேற்றினால், மறுநாட்காலை வாகமண்ணின் குளிரில் டயர் பசித்திருக்கும்.

இனி மாற்றும் முறை. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் நீங்கலாக மற்ற மோட்டார் வண்டிகளில் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாதென்பது மத்திய மோட்டார் வாகன விதி. பள்ளங்களின் அடியில் காணும் சிறு மேடுகள் இதற்கான அடையாளங்கள். டயர் அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். ஆயினும் கேரவனைப் பொறுத்தவரை இவ்விதி மட்டும் போதாது. ஆண்டில் பல மாதம் நின்றே கிடக்கும் வண்டியின் டயர் தேய்வதற்குமுன் மூப்படைகிறது. ரப்பரில் கலந்துள்ள பாதுகாப்பு மெழுகு, டயர் நசுங்கி நிமிரும்போதுதான் மேற்பரப்புக்கு நன்கு கசிந்து வரும். நிற்கும் டயரில் அது போதிய அளவு வராமையால், ஓசோனும் வெயிலும் பக்கச்சுவரில் வெடிப்புகளை உண்டாக்குகின்றன. பட்டன் புதிதுபோல் இருக்க, பக்கச்சுவர் உலர்ந்த வயல்போல் இருக்கும். பக்கச்சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்க எண்ணை நோக்குக. 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்தாண்டு கடந்தபின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்கவும், பத்தாண்டு கடந்ததைப் பள்ளம் எவ்வளவு இருப்பினும் நீக்கிவிடவும் பல தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர்.

சிக்கனம் கருதி, தேய்ந்த ஒன்றை மட்டும் மாற்றுவது பலரின் வழக்கம். இரட்டைச் சக்கரத்தில் இது பெருந்தவறு. புதியதற்கும் பழையதற்கும் விட்டத்தில் 6 மி.மீ. வேறுபாடு எனில், சுற்றளவில் அது 19 மி.மீ. ஆகும். சுமார் 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் கிலோமீட்டருக்கு 400 முறை சுழல்வதால், ஏழரை மீட்டர் வேறுபாடு எழுகிறது. பெரியது பாரத்தால் நசுங்கி இதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சியதற்குச் சிறியது இழுபட்டுத் தேயும். ஆகவே இணைகளாகவே மாற்ற வேண்டும். ரேடியல் டயரையும் பழைய வகைக் குறுக்கிழை டயரையும் ஓர் அச்சில் கலத்தல் கூடாது. புதியவற்றை முன் அச்சில் பூட்டி, அங்கிருந்த நல்ல டயர்களைப் பின்னே அனுப்புவது இவ்வகை வண்டிகளில் வழக்கம்; ரீட்ரெட் செய்த டயரை முன்னே பூட்டலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய டயர் ஏன் அவ்வாறு தேய்ந்தது என்பதைக் கண்டு அலைன்மென்ட், பாரம், காற்று ஆகியவற்றைத் திருத்திய பின்னரே புதியதைப் பூட்ட வேண்டும். திருத்தாவிடில் அதே கணக்குப் புதிய டயரின்மீதும் எழுதப்படும்.

வழியில் மாற்ற நேர்ந்தால் சமதளம் தேடி நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது அவசியம். முகாமில் வண்டியை மட்டம் செய்ய உதவும் ஜாக்கிகள் சக்கரம் கழற்றுவதற்கு ஏற்றவையல்ல. அவற்றை நம்பி வண்டிக்கடியில் செல்லக்கூடாது. மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். தேனியில் டயர் மாற்றிய வண்டி குமுளியை அடையும்போது ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அங்குச் சோதனைச் சாவடியில் நிற்கும் சில நிமிடங்களே இதற்குப் போதும்.