சேர்வர் மென்பொருளை மாற்றுமுன் சேமிப்புப் பெட்டியைப் பாருங்கள்

அண்மைக் காலமாக என்னைச் சந்திக்கும் வியாபார சகோதரர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "வீஎம்வெயாருக்கு இனிக் காசு கட்டி மாளாது. ப்ரொக்ஸ்மொக்ஸுக்கு மாறலாமா? பழைய ஸ்டோரேஜ் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்தானே?" முதற் கேள்விக்குப் பதில் இலேசு. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

2023 நவம்பரில் ப்ரோட்கொம் கம்பனி வீஎம்வெயாரை வாங்கியது. ஒருமுறை வாங்கி நிரந்தரமாகப் பாவிக்கும் லைசன்ஸின் விற்பனை அடுத்த மாதமே நிறுத்தப்பட்டு, சந்தா முறை வந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைக் கண்ட நமக்கு, வெளிநாட்டுச் சந்தா என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே மாற நினைப்பதில் பிழையில்லை. ப்ரொக்ஸ்மொக்ஸ் ஒஸ்திரியாவின் வியன்னாவிலுள்ள கம்பனியொன்றின் தயாரிப்பு. 2008 முதல் இருக்கிறது. மென்பொருள் இலவசம், உதவிச் சேவைக்கு மட்டும் வருடச் சந்தா.

இனிப் பெட்டிக்கு வருவோம். இரண்டு சேர்வர்கள் ஒரே பெட்டியைப் பாவிப்பது, ஒரு களஞ்சியத்துக்கு இரண்டு பொறுப்பாளர்களும் ஒரே ஸ்டொக் புத்தகமும் வைத்திருப்பதைப் போன்றது. ஒருவர் வராவிட்டால் மற்றவர் வேலையைக் கொண்டுபோவார், அதுதான் நன்மை. ஆனால் இருவரும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதினால் புத்தகம் நாசம். வீஎம்வெயாரில் இந்த ஒழுங்கை வீஎம்எஃப்எஸ் என்ற கோப்பு முறை பூட்டுப் போட்டுக் காத்தது. அதற்குச் சமமான ஒன்று ப்ரொக்ஸ்மொக்ஸுடன் கூடவே வருவதில்லை.

எல்விஎம் என்ற முறையில் பெட்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனித்துண்டு கொடுக்கலாம். இதற்கு ஆதரவு உண்டு, பாதுகாப்பானது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முழு இடத்தையும் முதலிலேயே ஒதுக்க வேண்டும். ஸ்னெப்ஷொட் வசதியும் 2025 ஓகஸ்டில் வந்த 9ஆம் பதிப்பில்தான், அதுவும் முன்னோட்டமாகவே வந்தது. இந்தக் குறையைக் கண்டதும் கெட்டிக்காரத் தொழினுட்பவியலாளர்கள் "ஓசிஎஃப்எஸ்2 போடுவோம், எல்லாம் கிடைக்கும்" என்பார்கள். அது ஒரக்கிள் உருவாக்கியது. 2006 முதல் லினக்ஸில் இருக்கிறது. அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் ப்ரொக்ஸ்மொக்ஸின் ஆதரவுப் பட்டியலில் அது இல்லை.

ஆதரவு இல்லை என்றால் வேலை செய்யாது என்று அர்த்தமில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நன்றாகவே வேலை செய்யும். பெட்டியுடனான தொடர்பு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அறுந்தால், ஓசிஎஃப்எஸ்2 அந்தச் சேர்வரைத் தானாகவே மீள ஆரம்பிக்கச் செய்யும். புத்தகம் கெடாமலிருக்க அது சரியான காரியம்தான். ஆனால் அது சனிக்கிழமை பின்னேரம் நடந்தால் பில் போட முடியாது, வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். ப்ரொக்ஸ்மொக்ஸைக் கேட்டால் அது எங்கள் கோப்பு முறையல்ல என்பார்கள். போதாததற்கு வியன்னாவில் அன்று விடுமுறை. பெட்டி விற்றவரோ, எங்கள் பட்டியலில் ப்ரொக்ஸ்மொக்ஸ் இல்லை என்பார். அதை அமைத்துத் தந்த தம்பி வெளிநாடு போயிருப்பார். (நமது ஊரில் இது அபூர்வமா என்ன?)

என்னைக் கேட்டால், உங்கள் பெட்டி என்எஃப்எஸ் முறையில் இயங்கக்கூடியதா என்று முதலில் விசாரியுங்கள். அப்படியானால் புத்தகத்தைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். ப்ரொக்ஸ்மொக்ஸும் ஆதரவு தருகிறது, ஸ்னெப்ஷொட்டும் கிடைக்கும். இல்லையென்றால் எல்விஎம்மோடு திருப்திப்படுங்கள். இரண்டே சேர்வர் உள்ள கடைக்குப் பொதுப் பெட்டி அவசியந்தானா என்பதையும் யோசியுங்கள். ஒவ்வொரு சேர்வரிலும் சொந்த டிஸ்க் வைத்து, ஸெட்எஃப்எஸ் மூலம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மற்றதற்குப் பிரதி அனுப்பலாம். ஒரு சேர்வர் விழுந்தால் கடைசி 15 நிமிட பில்கள் போகக்கூடும். மொத்த வியாபாரிக்கு அது தாங்கும். சில்லறைக் கடைக்குத் தாங்குமா என்பதை முதலாளிதான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு சேர்வர்களுக்கிடையே தொடர்பு அறுந்தால் எது உயிரோடிருக்கிறது என்று சொல்ல, மூன்றாவதாக ஒரு சிறிய கணினியும் தேவை.

எந்த வழியில் போனாலும் பெக்கப் அந்தப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. வேறொரு கணினியில் வைத்து, மாதமொரு முறை மீட்டெடுத்துப் பாருங்கள். புதிய அமைப்பைப் பொறுப்பேற்கும் நாளில் பெட்டிக்குப் போகும் வயரைக் கழற்றச் சொல்லி, என்ன நடக்கிறதென்று பக்கத்தில் நின்று பாருங்கள். தயங்கும் தொழினுட்பவியலாளரிடம் மீதிக் காசைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. பழைய வீஎம்எஃப்எஸ் பகுதியை ப்ரொக்ஸ்மொக்ஸ் தன் சேமிப்பிடமாக எடுத்துக்கொள்ளாது. பழையதை அழிக்காமல், பெட்டியில் புதிய பகுதியொன்றை உருவாக்கி, மெய்நிகர் கணினிகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்ற வேண்டும். 2024இல் வந்த இறக்குமதி வசதி இதை இலகுவாக்கியிருக்கிறது. பெட்டியில் அதற்குப் போதிய வெற்றிடம் இல்லையென்றால், விலை கேட்க வேண்டிய முதற் பொருள் டிஸ்க்குகள்தான்.